சமன்பாடும் பொருளும்
தீவகப் பாடசாலைகளில் இரசாயனம் கற்பித்தல்: ஒரு விமர்சன நோக்கு

ஒரு பாடம் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்பதை அறிய விரும்புவோர், அப்பாடத்தின் மிகச் சிறிய, மிகப் பழகிய பகுதியொன்றை எடுத்து ஆராய்தல் போதுமானது. இடைநிலை வகுப்புகளின் இரசாயனத்தைப் பொறுத்தவரை அத்தகைய பகுதி, சமன்பாடுகளைச் சமப்படுத்தலாகும். இருபுறமும் ஒவ்வொரு மூலகத்தின் அணுக்களும் தொகையில் ஒத்திருக்குமாறு எண்களை இடுதல் என்பதே அதன் சுருக்கம். சில பாடவேளைகளிற் கற்பித்து முடிக்கக்கூடிய இச்சிறு பயிற்சி, பல மாணவர்க்கு இரசாயனத்தின் வாயிலாக அமையாது மதிலாக அமைந்துவிடுகின்றது. மாணவரின் மந்தபுத்தியே இதற்குக் காரணம் எனக் கூறிவிடுதல் எளிது, அது நியாயமன்று. காரணம் பாடநூலின் மொழியிலும், கற்பித்தல் முறையிலும், பரீட்சை வினாவின் அமைப்பிலும் தேடப்படவேண்டியதாகும்.

யாழ்ப்பாணத் தீவகத்தை, அதாவது ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய பகுதிகளை, முன்னிறுத்தி இதனை நோக்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. சமன்பாடு எதனைக் கூறுகின்றதோ அதனைக் கல்லாகவும் நீராகவும் கண்முன் வைத்திருக்கும் நிலம் அது. ஆய்வுகூட வசதியிலும் நிலையான ஆசிரியரிலும் நெடுங்காலம் குறைவுற்றிருந்த நிலமும் அதுவே. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் மாணவனின் கையில் இறுதியில் எஞ்சுவது எண்களா, பொருளா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

தமிழில் இரசாயனம் கற்பித்தல் யாழ்ப்பாணத்திற்குப் புதியதன்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். அவரும் அவருடைய மாணவரும் மேற்கொண்ட முயற்சியால் உடற்கூறு, உடற்றொழில், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம் ஆகிய துறைகளில் நூல்கள் தமிழில் வெளிவந்தன. 1875 இல் இரசாயன நூலொன்றும் வெளியாயிற்று. அதன் பெயர் 'கெமிஸ்தம்'. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் விகுதி பொருத்தி ஆக்கிய அப்பெயரிலேயே அக்காலத்துச் சிக்கல் தெரிகின்றது: புதிய பொருளுக்குப் புதிய சொல்லை எங்கிருந்து பெறுவது?

இச்சிக்கல் அடுத்த நூறாண்டுகளையும் ஆட்கொண்டது. தமிழகத்தில் 1916 இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தோற்றுவித்த சங்கம் சாத்திரீய பரிபாஷைகளை ஆராய்ந்தது. இராஜாஜி பின்னர் 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலையும் எழுதினார். இலங்கையில் 1940களின் நடுப்பகுதியிற் கீழ்வகுப்புகளில் தொடங்கிய தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேலேறி, 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் விஞ்ஞான பாடங்களை எட்டியது. அப்போது அரசாங்கம் கலைச்சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்புப் பாடநூல்களையும் வெளியிட்டது. அம்முயற்சிகளின்றிச் சுயமொழி விஞ்ஞானக் கல்வி நடைபெற்றிருக்க முடியாது. ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. இவ்விவாதங்களின் பெரும்பகுதி சொல்லைப் பற்றியது. ஒட்சிசனா, பிராணவாயுவா? மூலகமா, தனிமமா? இரசாயனவியலா, வேதியியலா? சொற்கள் அமைந்தபின் அவற்றாலாகிய வாக்கியத்தை மாணவன் எவ்வாறு படிப்பான் என்ற வினா அதேயளவு கவனத்தைப் பெறவில்லை. இரசாயனத்தின் வாக்கியம் சமன்பாடாகும். குறியீடு எழுத்து, சூத்திரம் சொல், சமன்பாடு தொடர். தமிழ் கற்பிப்போர் எழுத்தறிந்த மாணவனிடம் உடனே தொடரைப் பிழை திருத்தச் சொல்வதில்லை. முதலில் படிக்கச் சொல்வர். இரசாயன வகுப்பிலோ மாணவன் சமன்பாட்டைப் படிக்கப் பழகுமுன்னரே அதனைத் திருத்தப் பணிக்கப்படுகின்றான்.

சொற்களே சில இடங்களில் வழிதவறச் செய்கின்றன என்பதும் மறுத்தற்கில்லை. 'சமன்பாடு' என்ற சொல்லை மாணவன் முதலிற் கேட்பது அட்சரகணித வகுப்பில். அங்கே இருபுறங்களும் ஒன்றே. இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றி எழுதலாம். ஓர் உறுப்பைக் குறி மாற்றி மறுபக்கம் கொண்டுசெல்லலாம். இரசாயனச் சமன்பாட்டில் இவற்றுள் எதுவும் செல்லாது. அம்புக்குறிக்கு இடப்பக்கத்திலுள்ளவை மறைந்து வலப்பக்கத்திலுள்ளவை தோன்றுகின்றன. ஒத்திருப்பவை பொருள்கள் அல்ல, அணுக்களின் தொகையும் திணிவுமே. இவ்வேறுபாட்டைக் கூறாது ஒரே சொல்லை இரு வகுப்புகளிலும் வழங்கும்போது, கணிதத்திற் கற்ற பழக்கம் இரசாயனத்தினுள் புகுந்துவிடுகின்றது. 'தாக்கம்' என்ற சொல்லும் இத்தகையதே. ஒரு பொருள் மற்றொன்றைத் தாக்குவதாகவே அச்சொல் எண்ணச் செய்யும். ஒற்றைப் பொருளொன்று வெப்பத்தாற் பிரிகையடையும்போது தாக்குவது எது, தாக்கப்படுவது எது? 'வலுவளவு' என்பதைக் கேட்ட மாணவன், எண் பெரிதாயின் மூலகம் வலியது எனக் கருதுதல் இயல்பு. ஓர் அணு மற்றைய அணுக்களோடு எத்தனை இணைப்புகளைக் கொள்ளும் என்பதே அதன் பொருள். தமிழக நூல்கள் வழங்கும் 'இணைதிறன்' இவ்விடத்தில் தெளிவானது. ஒரு நாட்டில் வேரூன்றிய கலைச்சொற்களை மாற்றுதல் இக்குறைக்குப் பரிகாரமன்று. மாற்றினால் குழப்பமே மிகும். ஆசிரியர் சொல்லை அறிமுகஞ் செய்யும்போதே அது எதைக் குறிக்காது என்பதையும் விளக்கிவிடுதல் போதுமானது.

குறியீடுகள் உரோமன் எழுத்தில் இருப்பதே தமிழ் மாணவனின் இடர்ப்பாட்டுக்கு மூலகாரணம் என்று கூறுவாரும் உளர். இக்கூற்றிற் சிறிதளவே உண்மை உண்டு. 1813–1814 அளவில் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் பேர்சீலியசு வகுத்த இக்குறியீடுகள் பெரும்பாலும் இலத்தீன் பெயர்களிலிருந்து பிறந்தவை. இரும்பின் குறியீடும் சோடியத்தின் குறியீடும் அவற்றின் ஆங்கிலப் பெயரோடு ஒட்டுவதில்லை. ஆங்கிலச் சிறுவனுக்கும் அவை மனனஞ் செய்யவேண்டிய அந்நியக் குறிகளே. ஆகவே தடை எழுத்தில் இல்லை. எழுத்துக்குப் பின்னால் பொருள் இல்லாமையே தடையாகும்.

இதனை மெய்ப்பிக்க, வகுப்பறைகளில் அடிக்கடி நேரும் ஒரு பிழையை நோக்கலாம். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீர் உண்டாவதைச் சமப்படுத்துமாறு மாணவனுக்குக் கூறப்படுகின்றது. இடப்புறம் ஒட்சிசன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். வலப்புறம் நீர் மூலக்கூறில் ஒட்சிசன் அணு ஒன்று. மாணவன் சற்றும் தயங்காது நீரின் சூத்திரத்தில் ஒட்சிசனின் கீழே இரண்டை இட்டுவிடுகின்றான். இப்போது இருபுறமும் ஒத்துவிட்டன. 'இரண்டு பக்கமும் சரியாக வரவேண்டும்' என்ற விதிக்கு அவன் முழுமையாகக் கீழ்ப்படிந்துள்ளான். ஆயின் அவன் எழுதியது நீர் அன்று, ஐதரசன் பேரொட்சைட்டு. காயங்களைக் கழுவவும் நிறத்தை வெளிற்றவும் பயன்படும் வேறொரு பொருள் அது. குடிக்கும் நீரை அவன் அறியாமலே மருந்துப் புட்டிக்குள் இருப்பதாக மாற்றிவிட்டான். ஆசிரியர் சிவப்பு மையாற் பிழை எனக் குறித்து, 'கீழே உள்ள எண்ணை மாற்றக்கூடாது' என்று மற்றொரு விதியைச் சேர்க்கின்றார். ஏன் மாற்றக்கூடாது என்பது சொல்லப்படாதவரை, விதிகளின் தொகை கூடுமேயன்றி விளக்கம் கூடாது.

தமிழ் மாணவனுக்கு இதனை விளக்க யாப்பிலக்கணத்திலேயே ஓர் ஒப்புமை உண்டு. செய்யுளில் ஓசை குறைகின்றது என்பதற்காகக் 'கல்' என்ற சொல்லைக் 'கால்' என்று நீட்டிவிட முடியாது. குறில் நெடிலாகி மாத்திரை ஒன்று கூடும். பொருளோ முற்றும் வேறாகிவிடும். ஓசை நிரம்பவேண்டின் புலவன் சொற்களை மாற்றி அடுக்கவோ, அதே சொல்லை மீண்டும் வழங்கவோ வேண்டும். சூத்திரத்தின் கீழுள்ள எண், சொல்லினுள் இருக்கும் மாத்திரை போன்றது. அது பொருளின் இயல்பைக் குறிக்கின்றது. சூத்திரத்தின் முன்னே இடப்படும் எண், அச்சொல் எத்தனை முறை வந்தது என்பதை மாத்திரம் காட்டுகின்றது. பேர்சீலியசு அணுத்தொகையைக் குறிக்கும் எண்ணை மேலே இட்டார் என்பதும், 1834 இல் லீபிக் அதனைக் கீழே இட்டார் என்பதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கன. எண் மேலே நிற்பதும் கீழே நிற்பதும் வழக்குப் பற்றியது. அது குறிக்கும் பொருளின் கட்டமைப்பு வழக்குப் பற்றியதன்று. எவராலும் அதனைத் தாளில் மாற்றியமைக்க முடியாது.

ஒப்புமையை இன்னும் ஒருபடி கொண்டுசெல்லலாம். யாப்பு அமைந்தவை அனைத்தும் கவிதையாவதில்லை. சமப்பட்டவை அனைத்தும் இரசாயனமாவதில்லை. நாகம் ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தோடு சேர்ந்து நாகக் குளோரைட்டையும் ஐதரசனையும் தருகின்றது. நாகம் ஒன்று, அமிலம் இரண்டு, குளோரைட்டு ஒன்று, ஐதரசன் ஒன்று எனச் சமன்பாடு அமைகின்றது. நாகத்தின் இடத்திற் செம்பை வைத்து எழுதினால் அச்சமன்பாடும் அதேபோல் அழகாகச் சமப்படும். ஆயின் செம்புத் துண்டை அவ்வமிலத்தில் இட்டால் ஐதரசன் வெளிவருவதில்லை. தாளில் இரட்டைப் பிள்ளைகள்போலத் தோன்றும் இரு தொடர்களுள் ஒன்று மெய், மற்றது பொய். இதனை எந்த எண்ணிக்கையாலும் கண்டறிய முடியாது. சோதனைக் குழாய் ஒன்றே சொல்லமுடியும். சமப்படுத்தலையே இரசாயனமெனக் கொண்ட மாணவனுக்கு இப்பொய்யை மறுக்கும் ஆற்றல் இராது. எண்கள் சரியாக இருப்பின் கூற்றும் சரியென அவன் நம்பப் பழகிவிடுகின்றான். விஞ்ஞானக் கல்வியின் நோக்கத்துக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை எனலாம்.

பரீட்சை வினாக்களும் இப்பழக்கத்தை வளர்க்கின்றன. சூத்திரங்களைத் தந்து, இடைவெளிகளில் எண்களை மாத்திரம் நிரப்புமாறு கேட்கும் வினாவுக்கு, அப்பொருள்களுள் ஒன்றையேனும் கண்டிராத மாணவன் முழுப்புள்ளி பெறலாம். 'இது நிகழுமா, நிகழ்ந்தால் எதைக் காண்பாய், 100 கிராம் எடுத்தால் எவ்வளவு எஞ்சும்' என்று கேட்கும் வினாவே சமன்பாடு படிக்கப்பட்டதா என்பதைச் சோதிக்கும்.

இனித் தீவகத்தை நோக்குவோம். நெடுந்தீவின் வேலிகள் சாந்தின்றி அடுக்கப்பட்ட பவளக் கற்களால் ஆனவை. குடாநாட்டிலும் தீவுகளிலும் உள்ள பழைய கோட்டைகளும் வீடுகளும் இத்தகைய கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்தன. கல்லையும் சங்கு சிப்பிகளையும் சூளையில் இட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் இப்பகுதிக்குப் பழையது. அத்தொழிலிற் கைப்பட்டவர் எவரும் பாடநூலைப் பாராமலே ஓர் உண்மையை அறிவர்: சுட்ட கல் சுடாத கல்லைவிடப் பாரங் குறைந்தது. இரசாயனம் அதற்கு அளவு கூறுகின்றது. கல்சியங் காபனேற்று 100 பங்கு சூடேற்றப்படின் கல்சியமொட்சைட்டு 56 பங்கும் காபனீரொட்சைட்டு 44 பங்கும் ஆகின்றன. அந்த 44 பங்கு புகையோடு கலந்து கண்ணுக்குத் தெரியாது போய்விடுகின்றது. சுட்ட சுண்ணாம்பு 56 பங்கில் நீர் 18 பங்கு சேர, அது கொதித்து நீறி 74 பங்கு நீறிய சுண்ணாம்பாகின்றது. அதனைச் சாந்தாக்கிச் சுவரில் இட்டால், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை 44 பங்கு மெல்ல மெல்ல ஏற்று, நீர் 18 பங்கை விட்டு, மீண்டும் 100 பங்கு கல்லாகின்றது. சூளை காற்றுக்குக் கொடுத்ததைச் சுவர் காற்றிலிருந்து திரும்பப் பெறுகின்றது.

திணிவுக் காப்பு விதிக்கு இதனினும் சிறந்த விளக்கம் எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. இலவோசியே 1789 இல் தம் இரசாயன நூலில் வற்புறுத்திய கருத்தும் இதுவே: மாற்றத்தின் முன்னும் பின்னும் பொருளின் தொகை ஒன்றே. இம்மூன்று சமன்பாடுகளிலும் முன்னே எண் எதுவும் இடவேண்டியதில்லை என்பது மேலும் சிறப்பு. மாணவன் எண்களோடு போராடாமலே சமன் என்பதன் பொருளை முதலில் உணரலாம். அதன்பின் சிப்பி ஓட்டை ஐதரோக்குளோரிக்கமிலத்தில் இடும் சோதனைக்கு வந்தால், அமிலத்தின் முன் இரண்டு என்ற எண் ஏன் தேவைப்படுகின்றது என்பது தானே விளங்கும்: கல்சியம் அணு ஒன்று குளோரீன் அணுக்கள் இரண்டோடு சேர்கின்றது, அமில மூலக்கூறு ஒன்றில் குளோரீன் ஒன்றே உண்டு. எண் இங்கே விதியாக வருவதில்லை, தேவையாக வருகின்றது.

நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து அமோனியா ஆவது போன்ற, கண்ணாற் காணவியலாத தாக்கங்கள் இதன் பின்னரே வருதல் வேண்டும். அங்கும் தீவக மாணவனுக்கு அறிந்த பொருளொன்று துணையாகலாம். பனங்காய் ஒன்றில் வழக்கமாக மூன்று நுங்குகள் உள்ளன. நுங்கின் தொகையைக் கூட்டவேண்டின் காய்களின் தொகையைக் கூட்டவேண்டுமேயன்றிக் காயொன்றினுள் நான்காவது நுங்கைத் திணிக்க முடியாது. அமோனியாவில் ஐதரசன் மூன்று மூன்றாக அமைகின்றது; ஐதரசன் வாயுவிலோ இரண்டு இரண்டாக வருகின்றது. இரண்டிரண்டாக வருவதை மும்மூன்றாகப் பங்கிட ஆறு வேண்டும். ஆகவே ஐதரசன் மூலக்கூறு மூன்று, அமோனியா மூலக்கூறு இரண்டு, நைதரசன் மூலக்கூறு ஒன்று. இவ்வளவே சமப்படுத்தல்.

இவ்வாறு கூறுவதற்கு ஒரு தடை எழுப்பப்படும்; அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லவேண்டும். கடல் கொந்தளிக்கும் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. ஆசிரியர் வருவதும் மாற்றம் பெற்றுச் செல்வதுமாக இருக்கும் பாடசாலையில் வெண்கட்டியும் கரும்பலகையும் மாத்திரமே நிலையானவை. வாயு வசதியோ, குழாய்நீரோ, அமிலமோ வேண்டாத ஒரே இரசாயனப் பகுதி சமப்படுத்தலாகும். அதிலாவது நகரத்து மாணவனுக்கு நிகராகப் புள்ளி பெறத் தீவின் மாணவனைப் பயிற்றுதல் தவறா?

இவ்வாதத்தின் வலிமை 1970களில் நன்கு தெரிந்தது. தரப்படுத்தலும் அதன்பின் 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடும் பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களின் வாயிலைக் குறுக்கின. யாழ்ப்பாண மாவட்டம் ஒன்றெனக் கணக்கிடப்பட்டபோது, நெடுந்தீவின் மாணவனும் யாழ் நகரின் மாணவனும் ஒரே நிரையில் நிறுத்தப்பட்டனர். ஒரு புள்ளியும் இழக்கக்கூடாத நிலையில் பயிற்சிவினாக்களே தஞ்சமாயின. 1990 இல் மீண்டும் மூண்ட போரில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர, பாடசாலைகளும் அவர்களோடு சிதறின. அத்தகைய காலங்களில் ஆசிரியர் எவரும் பயிற்சிவினாக்களைக் கைவிட்டிருக்க வேண்டும் எனக் கூறுதல் பொருந்தாது.

ஆயினும், வசதியற்ற பாடசாலை எளிதிற் கற்பிக்கக்கூடியது சமப்படுத்தல் என்பதனாலேயே அங்கு அது இரசாயனம் முழுவதையும் விழுங்கிவிடும் அபாயமும் மிகுதி. நகரத்து மாணவன் சமன்பாட்டோடு சோதனையையும் பெறுகின்றான். தீவின் மாணவன் சோதனைக்குப் பதிலாகச் சமன்பாட்டைப் பெறுகின்றான். புள்ளிகளில் நிகராகத் தோன்றும் இருவரும் அறிவில் நிகரானவர் அல்லர். இவ்வேற்றுமையைப் பரீட்சை மறைத்துவிடுகின்றது.

சோதனைக்கு வேண்டியவை அரியனவும் அல்ல. வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பிற் சிறிதளவை நீரிற் கரைத்துத் தெளியவைத்தால் சுண்ணாம்புநீர் ஆயத்தம். பப்பாசி இலைக்காம்பினூடாக அதனுள் ஊதினால் நீர் பால்போலாகும். மேலும் ஊதிக்கொண்டிருப்பின் மீண்டும் தெளியும். அதனைக் கொதிக்கவைத்தால் மறுபடியும் கலங்கும். சுண்ணக்கல் நிலத்தின் கிணற்றுநீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியிற் படியும் வெண்படலமும் இதே பொருளே. மூன்று சமன்பாடுகள் ஒரு கோப்பையினுள் நிகழ்கின்றன. சிப்பி ஓட்டின் பொடியில் விநாகிரியை ஊற்றினால் நுரைத்தெழுவதைக் காணலாம். நீறாத சுண்ணாம்பு கண்ணுக்குத் தீங்கு விளைப்பதாகையால் அதனை மாணவர் கையிற் கொடாது ஆசிரியரே கையாளுதல் வேண்டும். கடலிலிருந்து பவளக்கல் எடுத்தல் இன்று சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. கரையில் ஒதுங்கிய சிப்பி ஓடே போதுமானது.

இப்பகுதியின் தொழில்களும் பாடத்தினுள் இடம்பெறத்தக்கன. 1950 இல் உற்பத்தி தொடங்கி 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் உலையிலும் தீவகச் சூளையின் அதே சமன்பாடே முதற்படியாக நிகழ்ந்தது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை உப்புக்கரைசலை மின்னாற் பிரித்து எரிசோடாவையும் குளோரீனையும் ஆக்கியது. உப்பு இரண்டு, நீர் இரண்டு. எரிசோடா இரண்டு, ஐதரசன் ஒன்று, குளோரீன் ஒன்று என்ற அச்சமன்பாடு ஒரு பிரதேசத்தின் பொருளாதார வரலாறாகவும் இருந்தது. தம் மண்ணின் உப்பும் கல்லும் எவ்வாறு தொழிலாயின, அத்தொழில் எவ்வாறு நின்றது என்பதை அறியாத மாணவன் சமன்பாட்டின் ஒருபாதியை மாத்திரமே கற்றவனாவான்.

இவ்விடயம் பாடசாலையோடு முடிவதன்று. தமிழில் விஞ்ஞானம் கற்ற மாணவன் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தினுள் நுழையும்போது விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. மூலகம், சேர்வை, தாக்கம், வலுவளவு என அவன் கற்ற சொற்கள் யாவும் வாயிலிலேயே கழன்று விழுகின்றன. மாறாது அவனோடு உள்ளே செல்லும் ஒரே வாக்கியம் சமன்பாடே. மானிப்பாய் மருத்துவ மாணவர்க்காகத் தொடங்கிய ஒரு முயற்சியின் பயனாகத் தமிழில் அவன் கற்றதற்கும், இனி வேற்றுமொழியிற் கற்கப்போவதற்கும் அதுவே பாலம். அவ்வாக்கியத்தின் பின்னே சூளையின் வெப்பமும், நீறும் சுண்ணாம்பின் கொதிப்பும், இறுகிய சுவரும் இருப்பின் அவன் எம்மொழியிலும் இரசாயனத்தைத் தொடர்ந்து கற்பான். எண்கள் மாத்திரமே இருப்பின், பாலத்தைக் கடந்தும் வெறுங்கையோடு நிற்பான்.

ஆகவே பாடநூல் எழுதுவோரும் வினாத்தாள் அமைப்போரும் ஆசிரியரும் கருதவேண்டியது ஒன்றே. சமன்பாட்டைத் திருத்தக் கற்பிக்குமுன் அதனைப் படிக்கக் கற்பித்தல் வேண்டும். படிக்கக் கற்பிக்குமுன் அது எதைப் பற்றியது என்பதைக் காட்டுதல் வேண்டும். காட்டுதற்குரிய கல்லும் சிப்பியும் தீவகத்தின் எந்தப் பாடசாலையின் வாயிலுக்கும் அண்மையிலேயே கிடக்கின்றன.